நல்லதை நினைக்கச் சொல்லி மனதை அதட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. வயது 37, அரச கந்தோர் ஒன்றில் வேலை, கணவர் கட்டாரில், வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகளும் அம்மாவும். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்கு எதைப் பார்த்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றுகிறது. மகள் ரியூசனால் வரப் பத்து நிமிடம் பிந்தினால் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். இவர் ஃபோன் எடுக்காவிட்டால் அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று நினைப்பேன். போன மாதம் கந்தோரில் மேலதிகாரி 'நாளைக்கு வந்து என்னைச் சந்தியுங்கோ' என்றார், அன்றிரவு முழுக்க நித்திரையில்லை. போய்ப் பார்த்தால் ஒரு படிவத்தில் என் கையெழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் நல்லதையே நினை என்கிறார்கள். யூரியூப்பில் பார்த்து, காலையில் கண்ணாடிக்கு முன் நின்று 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், எல்லாம் நல்லபடி நடக்கும்' என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அழுகைதான் வருகிறது. நல்லதை நினைக்கக்கூட என்னால் முடியவில்லையே என்று இப்போது அதுவும் ஒரு கவலை. 95 இடப்பெயர்வில் எனக்கு ஏழு வயது. அம்மாவும் என்னைப் போலத்தான். இது எங்கள் இரத்தத்தில் ஊறியதா? என் பிள்ளைக்கும் வருமா? மனதை நல்ல வழியில் பழக்க நான் என்ன செய்யவேண்டும்?"

தங்கச்சி, முதல் வேலையாக அந்தக் கண்ணாடிப் பயிற்சியை விட்டுவிடுங்கள். அழுகை வந்தது உங்கள் மனம் பலவீனமானது என்பதால் அல்ல. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற வசனத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை இருந்தது. தன்னைக் குறைவாக நினைக்கிறவர்களோ, அதைச் சொல்லாமலே இருந்தவர்களைவிடக் கூடுதலாகச் சோர்ந்துபோனார்கள். ஏனென்றால் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது மனம் சும்மா இருக்காது, "அப்படியா? நேற்று என்ன நடந்தது?" என்று எதிர்க்கேள்வி கேட்கும், பழைய கணக்கையெல்லாம் எடுத்து முன்னால் போடும். உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

கெட்ட நினைப்பை வராமல் தடுக்கப் பார்ப்பதும் சரிவராது. டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் செய்து காட்டியது இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு இனி நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி கூடுதலாக வந்தது. ஆகவே சாமத்தில் படுத்தபடி 'இதை நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது' என்று பல்லைக் கடிக்கிறீர்களே, அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது இரத்தத்தில் ஊறியதா என்ற கேள்வி. கடிதத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வந்தபடியால், வலிகாமத்துச் சனம் முழுக்கக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. உங்கள் அம்மா அன்றைக்கு ஒரு கையில் உங்களையும் மற்றக் கையில் ஒரு பையையும் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார். அதற்கு முந்திய வருடங்களில் விமானச் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் இறங்கியவர்கள், வெளியே போனவர் நேரத்துக்கு வரவில்லை என்றால் உடனே தேடிப் போனவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அடையாள அட்டையையும் நகையையும் ஒரே பையில் கட்டி வைத்தவர்கள், இவர்கள் ஒருவரும் பிழையாக யோசிக்கவில்லை. கெட்டதை முந்தி நினைத்ததால் தப்பினவர்கள் இங்கே நிறையப் பேர். அந்தக் காலத்தில் அது ஒரு அறிவு. அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏழு வயதில் நீங்களும் அதைப் படித்திருக்கிறீர்கள், நன்றாகவே படித்திருக்கிறீர்கள். ஆனால் சூழல் மாறிவிட்டது என்று மனதுக்கு யாரும் அறிவிக்கவில்லை. படலைக்குக் காவல் இருக்கிற நாய்க்குக் கள்ளனும் ஒன்றுதான் தபால்காரனும் ஒன்றுதான், இரண்டு பேரையும் பார்த்துக் குரைக்கும். நாயை அடிப்பதில் பிரயோசனமில்லை, அது குரைத்தவுடன் வீட்டைவிட்டு ஓடவும் தேவையில்லை, எழும்பிப்போய் யார் வந்திருப்பது என்று பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கிற பழக்கத்தைத்தான் நீங்கள் புதிதாகப் பழகவேண்டும். பரம்பரையாக ஓரளவு பதற்றக் குணம் வரலாம், அது உண்மைதான், ஆனால் பழகியது பழக்கத்தால் மாறும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதிரைக்கு முன்னால் வந்து இருந்து மாறிப்போனவர்களைப் பார்த்தபடியால் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது?

உங்கள் நாளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழும்பிச் சமையல், மகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, பஸ், கந்தோர், பின்னேரம் கடை, ரியூசன், திரும்பவும் குசினி, ஒன்பதரைக்குப் பிறகு கட்டிலில் ஃபோன். இதில் உங்களுக்கென்று ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? இடையில் ஒரே ஒரு வரி வருகிறது: முன்பு சங்கீதம் படித்தேன், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம்வரை போனேன், கலியாணத்தோடு விட்டுப்போனது. அந்த வரியை நான் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மனம் சரியானால் பாடலாம், மனம் சரியானால் ஆட்களோடு கதைக்கலாம் என்றுதான் எல்லோரும் காத்திருக்கிறோம். நடைமுறையில் அது மறுபக்கமாகத்தான் வேலை செய்கிறது. 1960களில் ஏரன் பெக் என்ற மருத்துவர் தொடங்கிய சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுவது, அதில் நினைப்பைத் திருத்துகிற பகுதியும் உண்டு, நாளைத் திட்டமிட்டு வேலை செய்கிற பகுதியும் உண்டு. 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் இவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு முழுச் சிகிச்சையும், இன்னொரு பிரிவினருக்குச் செயல் பகுதி மட்டும் கொடுத்தார்கள். செயல் பகுதி மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள். அதாவது, கெட்ட நினைப்போடு வாதாடி வென்ற பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்றில்லை.

ஆகவே நாளைக்கே தொடங்குங்கள். பின்னேரம் கந்தோரால் வந்து முகம் கழுவி, ரீ குடித்தவுடன், பத்து நிமிடம் வாய்விட்டுப் பாடுங்கள். அதே நேரம், அதே இடம். சுருதிப்பெட்டி இல்லாவிட்டால் ஃபோனில் இருக்கிறது. சரளி வரிசையிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை, குரல் அடைத்தால் அடைக்கட்டும், அம்மா விறாந்தையில் இருந்து கேட்கட்டும். பாடும்போது மூச்சு நீளும், மூச்சு வெளியே நீளமாகப் போகும்போது படபடப்பு இறங்கும், அதோடு தாளம் போடுகிற கையும் சுரம் தேடுகிற மனமும் ஒரே இடத்தில் நிற்கவேண்டியிருப்பதால் 'இவருக்கு என்ன நடந்ததோ' என்று ஓட இடமிருக்காது. மனம் இல்லாத நாளிலும் பாடுங்கள். முக்கியமாக மனம் இல்லாத நாளில்.

இன்னொன்று, கிழமையில் இரண்டு நாளாவது ஒரு ஆளோடு நேரில் கதையுங்கள். ஃபோனில் அல்ல. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறவர்தானே, ஒழுங்கையால் நடந்து போங்கள், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோயிலுக்குப் போனால் சரிவருமா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். நடையும் ஆட்களும் தேவாரமும் சேர்ந்திருக்கிற இடம் மனதுக்கு நல்லதுதான். ஆனால் சாத்திரியிடம் ஓடி, பலன் கேட்டு, இன்ன மாதம் கண்டம் என்று ஒரு புதுப் பயத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இப்போதைக்கு உங்களுக்கு அது நஞ்சு.

இனிக் கொப்பி. இதுதான் யார் வந்திருப்பது என்று எழும்பிப் பார்க்கிற வேலை. மகளுடைய பழைய கொப்பி ஒன்றில் மிச்சத் தாள் இருந்தால் போதும். அந்த மேலதிகாரி விஷயத்தையே எடுத்துச் செய்து காட்டுகிறேன்.

நடந்தது என்ன? நாளைக்கு வந்து சந்திக்கச் சொன்னார். இவ்வளவுதான் எழுதவேண்டும். 'கோபமாகச் சொன்னார்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அது உங்கள் ஊகம். மனம் என்ன சொன்னது? 'என்மேல் யாரோ முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள், தூரத்துக்கு மாற்றப் போகிறார்கள், பிள்ளையை யார் பார்ப்பது.' அதை எவ்வளவு நம்புகிறீர்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதுவீர்கள், எழுதுங்கள். அப்புறம், இதற்குச் சான்று என்ன? யோசித்தால் ஒன்றுமே இருக்காது, அல்லது 'போன கிழமை ஒரு நாள் பிந்திப் போனேன்' என்று ஒன்று இருக்கும். இதற்கு எதிராக என்ன இருக்கிறது? இதற்கு முன்னும் அவர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார், எல்லாத் தடவையும் ஏதாவது கோப்பு விஷயம்தான். வேறு என்னவாக இருக்கலாம்? மூன்று காரணமாவது எழுதுங்கள், அதில் ஒன்று மிகச் சாதாரணமானதாக இருக்கட்டும். இப்போது திரும்ப எவ்வளவு நம்புகிறீர்கள்? அறுபது என்று வந்தால் போதும். பூச்சியமாக வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அறுபதோடு மனிதர் நித்திரை கொள்ளலாம்.

கடைசியில் ஒரு வரியை வெறுமையாக விடுங்கள். அடுத்த நாள் வந்து அந்த வரியில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதவேண்டும். 'படிவத்தில் கையெழுத்து விடுபட்டிருந்தது.' ஆட்கள் தவறவிடுவது இந்த வரியைத்தான், நல்லபடி முடிந்துவிட்டால் மறந்துபோய் அடுத்த பயத்துக்குப் போய்விடுவோம். சில கிழமை இப்படி எழுதினால், உங்கள் சொந்தக் கையெழுத்தில், உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து சான்று சேர்ந்திருக்கும். கண்ணாடி முன் சொன்ன வசனத்தோடு எதிர்வாதம் செய்த மனம் இதோடு அப்படிச் செய்யாது, ஏனென்றால் இது நடந்தது.

சில பயங்கள் உண்மையாகவும் இருக்கும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. கட்டாரில் வேலை செய்கிறவரைப் பற்றிக் கவலைப்படுவதில் பிழை என்ன இருக்கிறது? அப்படியானவற்றுக்குக் கொப்பியில் வேறு கேள்வி போடுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே ஆறு மணி, வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், அல்லது ஷிஃப்ட் முடிந்திருக்காது. நீங்கள் ஓய்வாக இருக்கிற நேரத்தில் எடுத்து, அவர் எடுக்கவில்லை என்று நடுங்குகிறீர்கள். இரண்டு பேரும் ஒரு நேரத்தை ஒத்துக்கொள்ளுங்கள், வேலையால் வந்து அறைக்குள் ஏறியவுடன் ஒரு சொல் அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு முன் எடுப்பதில்லை என்று நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ரியூசனுக்கும் இப்படித்தான், விட்ட நேரத்திலிருந்து இத்தனை நிமிடம் பார்ப்பேன், பிறகு இன்னாரை எடுத்துக் கேட்பேன் என்று முன்பே முடிவுசெய்துவிட்டால், அந்த நேரம்வரை மனதுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

நாள் முழுக்கக் கொப்பியோடு திரியவும் முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தொமஸ் போர்கோவெக் என்பவரும் கூட இருந்த ஆய்வாளர்களும் 1983இல் எழுதியது: தினமும் அரை மணித்தியாலம், ஒரே நேரம், ஒரே இடம், கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. கேட்கப் புதுமையாக இருக்கும், செய்து பாருங்கள். உங்களுக்கு ஏழு மணி சரி என்று நினைக்கிறேன், மகள் வீட்டுவேலை செய்கிற நேரம். விறாந்தையில் ஒரு கதிரை, கையில் கொப்பி. கட்டிலில் வேண்டாம், கட்டில் நித்திரைக்கு மட்டும். பகலில் கந்தோரில் ஒரு பயம் தலையெடுத்தால் துண்டில் இரண்டு சொல் குறித்து, ஏழு மணிக்குப் பார்ப்போம் என்று தள்ளி வையுங்கள். தள்ளி வைப்பதும் தடுப்பதும் ஒன்றல்ல. வராதே என்று சொன்னால் வரும், பிறகு வா என்றால் அநேகமாகக் கேட்கும். ஏழு மணிக்குத் துண்டைப் பார்த்தால் பாதி விஷயம் தானாகவே முடிந்திருக்கும்.

ஃபோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லத்தான் வேண்டும். ஒன்பதரை மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன பார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்: மரண அறிவித்தல், ஏ9 வீதி விபத்து, யாரோ ஒருவருடைய வருத்தத்துக்குப் பணம் கேட்டு வந்த படம், நடுவில் வட்ஸ்அப்பில் உதயசூரியன் படத்தோடு நல்லதையே நினை. கெட்ட செய்திக்கு நல்ல செய்தியைவிட மனம் கூடுதல் இடம் கொடுக்கும், எல்லா மனிதருக்கும் அப்படித்தான். பகலெல்லாம் வெருண்டுகிடக்கிற மனதுக்கு நித்திரைக்கு முன் இதையா ஊட்டுவது? ஃபோனை ஒன்பது மணிக்குக் குசினியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு வாருங்கள். அலாரத்துக்கு ஒரு மணிக்கூடு வாங்குங்கள். மரண அறிவித்தலைக் காலையில் பார்த்தாலும் செத்தவீட்டுக்குப் போகலாம். அந்த நேரத்தில், விருப்பமென்றால், இன்று நடந்த ஒரு நல்ல விஷயத்தைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், ஆனால் 'கடவுளுக்கு நன்றி, எல்லாம் நலம்' என்று பொதுவாக எழுதாமல், 'அம்மா இன்று முழங்கால் பிடிக்காமல் கிணற்றடிவரை நடந்தா, செவ்வரத்தை பிடுங்கிக்கொண்டு வந்தா' என்று கண்டதைக் கண்டபடி. ஒன்றும் தோன்றாத நாளில் எழுதாமல் விடுங்கள், இதையும் ஒரு கடமையாக்கவேண்டாம்.

இரவு ரீயைக் குறையுங்கள், பின்னேர ரீயோடு நிறுத்தினால் நல்லது, அதிலிருக்கிற கஃபீன் பல மணித்தியாலம் உடம்பில் நிற்கும். மத்தியானம் சாப்பிடாமல் விடுவதும் படபடப்பைக் கூட்டும்.

இதெல்லாம் 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை 12 வாரம் பார்த்தது. ஒரு சின்னப் பழக்கம் தானாக வரும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அதில் நல்ல சேதி வேறு ஒன்று: இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. ஒரு நாள் பாடாமல் விட்டவுடன் 'பார், உன்னால் இதுவும் முடியாது' என்று ஒரு குரல் வரும், அதையும் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த நாள் பாடுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து இதை மேலோட்டமாக வாசிக்கவேண்டாம். இரண்டு கிழமைக்கு மேலாக, அநேகமான நாட்களில், எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பி, வேலை செய்ய முடியாமல் இருந்தால், பாட்டும் கொப்பியும் மட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்கவேண்டும். தைரொயிட் பிரச்சினையும் இரத்தச்சோகையும்கூட மனதை இப்படி ஆட்டும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அதை முதலில் செய்துவிடுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. விசர் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று சனம் கதைக்கும் என்ற பயத்தில் வருடக்கணக்காக வீட்டுக்குள் இருந்து வாடியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கதை இரண்டு நாளில் ஓய்ந்துவிடும், உங்கள் நித்திரை அதைவிடப் பெரியது. இருந்து என்ன பிரயோசனம், செத்தால் நல்லது என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், நாளைவரை பொறுக்காமல் அம்மாவிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள், 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகள் நாங்கள் சொல்வதைவிட எங்கள் முகத்தைத்தான் படிக்கிறார்கள், ஆனால் அதற்காகப் பயமே இல்லாத முகம் ஒன்றை அவளுக்காகப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை, போட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். பயந்தால் எப்படிக் கையாளுவது என்பதைத்தான் அவள் பார்க்கவேண்டும். அடுத்த முறை அவள் பிந்தி வந்து படலையைத் திறக்கும்போது, 'எங்கை போனனீ, எவ்வளவு நேரம்' என்று பாய்வதற்குப் பதிலாக, 'பிந்தினபடியால் அம்மா கொஞ்சம் பயந்துபோனன், பிறகு ரீச்சருக்கு எடுத்துக் கேட்டன், வகுப்பு இப்பதான் விட்டது எண்டு சொன்னா' என்று இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வேறு, வெட்டுப்புள்ளியைப் பற்றி அவள் முன்னால் கதைப்பதைக் குறையுங்கள். பின்னேரம் பாடும்போது விருப்பமென்றால் அவளையும் பக்கத்தில் இருத்தித் தாளம் போடச் சொல்லுங்கள், விருப்பமில்லை என்றால் விளையாட விடுங்கள். ஒரு மாதம் கழித்து, கொப்பியின் அந்தக் கடைசி வரிகளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.